ஒரு தடவை மட்டும் அழைத்த பீட்சா விருந்து

பக்கோலோத்
28 நவம்பர் 1993

என் ஒரே அக்காவும், தனக்கு ஒரே ஒரு தம்பி உண்டு என்பதை மறந்துவிட்டவளுமான மனாங் எஸ்தர்லிதாவுக்கு,

பக்கோலோத் பட்டணத்துத் தலைகள் அத்தனையையும் ஒரு சீப்பாலும் ஒரு கத்தரிக்கோலாலும் அடக்கி ஆண்டுவரும் உன் தம்பி கிறிசாந்தோ எழுதுவது. நான் நலம். நலமாக இல்லாவிட்டாலும் நீ விசாரிக்கப் போவதில்லை, ஆகவே நலம்.

நேற்று என் நாற்காலியில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவர் இஸ்கோ. நம் இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் கப்பலில் சமையல் செய்கிறாரே, நம் கடிதங்களைக் கோழிக்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவருகிறாரே, அவரேதான்.

“என்ன சாந்தோ, இலோய்லோவுல உங்க அக்கா வீட்டுக் கொல்லையில குட்டியா ஒரு தேவாலயம் எழும்புதாமே?” என்றார்.

“தேவாலயமா?”

“செங்கல்லு, வளைவு, புகைக்கூண்டு எல்லாம் இருக்கு. மணிதான் இன்னும் மாட்டல.”

விசாரித்தால் அது அடுப்பு! பீட்சா அடுப்பு! பதினோரு வருஷம் மிலான் நகரத்தில் யார் யார் வீட்டிலோ சமைத்துவிட்டு, போன செப்டம்பரில் திரும்பிவந்தானே உன் கொழுந்தன் அர்செனியோ, அவன் கட்டுகிறானாம். கிறிஸ்துமஸ் விடுமுறையில், 23ஆம் தேதி மத்தியானம், தெருப் பிள்ளைகளெல்லாம் அப்பா அம்மாவோடு வந்து ஆளுக்கொரு மாவு உருண்டையைத் தட்டிப் பரப்பி, இஷ்டப்பட்டதை மேலே தூவி, தங்கள் பீட்சாவைத் தாங்களே சுட்டுத் தின்னப் போகிறார்களாம். கேட்டதும் என் கத்தரிக்கோல் தடுமாறியது. இஸ்கோவின் இடது காதுக்கு மேலே இப்போது ஒரு வெட்டவெளி இருக்கிறது. விமானம் இறங்கலாம். அதற்கு அர்செனியோதான் பொறுப்பு.

டிசம்பர் 23 யாருடைய நாள், மனாங்? அத்தான் கப்பல் வேலைக்குப் போன காலத்திலிருந்து, வருஷா வருஷம் அன்றைக்கு உன் வீட்டு முற்றத்தில் அண்டா ஏற்றி இனிப்பு ஸ்பகெட்டி கிண்டுவது யார்? சிவப்பு ஹாட்டாக்கை வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டு, வாழைப்பழ கெச்சப்பை ஆறாக ஓடவிட்டு, அந்த வாசனைக்குக் கடல் மீன்கள் கரையேறி உன் வாசலில் வரிசையில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நீயும் பார்த்தாய். இல்லை என்று சொல்லாதே.

எனக்கு அழைப்பு இல்லை. உன் வீட்டு நாய்க்குக்கூட இருக்கிறது. அது கொல்லையிலேயே கட்டிக் கிடப்பதால் தனியாக அழைக்க வேண்டிய அவசியமில்லை.

உன் பிள்ளைகள் ஜோவிக்கும் பிங்கிக்கும் என் முத்தம். அந்த அடுப்புக்கு ஒரு நல்ல மழை.

அழைக்கப்படாத
கிறிசாந்தோ


இலோய்லோ
2 டிசம்பர் 1993

தம்பி தோதோ,

இதைத் தையல் மெஷின் மேல் வைத்து எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் சட்டைகள் பாதித் தெருவுக்கு இன்னும் என் மடியில் கிடக்கின்றன. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உன்னை அழைத்தாகிவிட்டது. நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள் அன்றைக்கு, அப்பா அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நீ உன் மூன்றாவது ஒட்டரிசிப் பொட்டலத்தின் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தாய். அப்போது அர்செனியோ உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“மனோங் சாந்தோ, லீவுல பிள்ளைங்களுக்கு பீட்சா விருந்து வைக்கலாம்னு இருக்கேன். நீங்க வரணும்.”

நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

“ஐயோ, எனக்கெதுக்குப்பா? நீங்க குடும்பமா சந்தோஷமா இருங்க. உங்களுக்குச் சிரமம். எனக்கும் அன்னிக்குக் கடையில வேலை கிடக்கு.”

“அப்படியா? சரி மனோங்,” என்றான். முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம், “உங்க தம்பிக்கு அன்னிக்கு வேலையாம், வரமாட்டாராம்,” என்று சொல்லிவிட்டு மாவுக் கணக்கில் உன் பங்கைக் கழித்துவிட்டான். வேலை இருக்கிறது என்று சொன்னது நீ. நம்பினது அவன். இதில் நான் எங்கே உன்னை மறந்தேன்?

பேசாமல் புறப்பட்டு வா. பிள்ளைகளுக்கு நீ வராவிட்டால் நன்றாக இருக்காது. எனக்கும்.

எஸ்தர்லிதா

(கரையேறின மீன் எதையும் நான் பார்க்கவில்லை. பூனை ஒன்று வந்தது.)


பக்கோலோத்
6 டிசம்பர் 1993

மனாங்,

உன் கடிதத்தை என் கடையில் உரக்கப் படித்தேன். காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும், ஒரு வழுக்கைத் தலையர் உட்பட, உன் கொழுந்தனைக் குற்றவாளி என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

நம் ஊரில் ஒருவன் ஒரு தடவை கேட்டதும் “சரி வர்றேன்” என்று சொல்லி எப்போதாவது பார்த்திருக்கிறாயா? முதல் தடவை கேட்டால் “ஐயோ வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. இரண்டாம் தடவை கேட்டால் தரையைப் பார்த்துச் சிரித்து, “வேலை இருக்கே” என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால், “சரி, ஒரே ஒரு நிமிஷம், ஒரே ஒரு வாய்” என்று சொல்லி உட்கார்ந்து, சட்டியைக் கவிழ்த்துவிட்டு எழ வேண்டும். முதல் அழைப்பிலேயே சாப்பிட உட்காருகிறவன் வீட்டில் அடுப்பெரியவில்லை என்றுதானே ஊர் பேசும்? நம் அம்மா தன் சொந்தக் கல்யாணத்திலேயே மூன்று தடவை கேட்டபிறகுதான் இலை முன்னால் உட்கார்ந்தாளாம்!

அர்செனியோ இங்கே பிறந்தவன்தானே? “வேண்டாம்” என்றால் “இன்னொரு தடவை கேளு” என்று அர்த்தம் என்பது அவனுக்குத் தெரியாதா? அல்லது தெரிந்தேதான், உடனே “சரி மனோங்” என்று வாயை மூடிக்கொண்டானா? எனக்குப் பின்னதில்தான் சந்தேகம். என் ஸ்பகெட்டி அண்டாவைக் கண்டு பயந்துவிட்டான்.

ஆகவே என் முடிவு இது. இன்னும் இரண்டு தடவை அவன் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் பரிசீலிப்பேன்.

இதற்கிடையில் எனக்குத் தெரிந்த ஒருவர், பெரிய மனிதர், அழகன், பீட்சா என்பது என்ன பிரமாதம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தார். என் கடைக்குப் பக்கத்து ரொட்டிக்கடை பெர்னாபே தன் விறகடுப்பைத் தந்து உதவினான். கிறிஸ்துமஸுக்கு வாங்கி வைக்கிறோமே சிவப்பு மெழுகு பூசின சீஸ் உருண்டை, அதைத் தோலோடு துருவி மேலே கொட்டினார் அந்தப் பெரிய மனிதர். பெர்னாபே கேட்டான்:

“ஏம்ப்பா, அந்தத் தோலை உரிக்க வேண்டாமா?”

“பன்றியை முழுசாச் சுட்டா எது ருசி?”

“தோலு.”

“அப்புறம் என்ன? வாயை மூடு.”

அடுப்பிலிருந்து வெளியே வந்தது ஒரு மெழுகுவத்தி. தட்டையான, வட்டமான, வாசனையான மெழுகுவத்தி. திரி ஒன்று செருகியிருந்தால் ஈஸ்டர்வரை எரிந்திருக்கும். பெர்னாபேயின் வாத்து அதைக் கொத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அதாவது அந்தப் பெரிய மனிதரைப் பார்த்த பார்வையை.

கிறிசாந்தோ


இலோய்லோ
11 டிசம்பர் 1993

தோதோ,

அந்தப் பெரிய மனிதரிடம் சொல், அடுத்த தடவை சீஸ் தோலை உரிக்கட்டும். வாத்து பிழைத்ததா?

நேற்று அடுப்பை முதன்முதலாகப் பற்றவைத்துப் பார்த்தார்கள். நீ கேட்டு வயிறெரியத்தான் போகிறாய், இருந்தாலும் சொல்கிறேன். அர்செனியோ மாவை இரண்டு முஷ்டிமேல் வைத்துச் சுழற்றி மேலே வீசினான். அது விரிந்து விரிந்து குடை மாதிரி கீழே வந்தது. தெருப் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். எதிர்வீட்டுக் கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். சுட்டு எடுத்தால் அப்பளம்போல மெலிசு, ஓரத்தில் கறுப்புப் புள்ளி, நடுவில் புளித்த தக்காளி. கெச்சப் கிடையாது, சர்க்கரை கிடையாது. மேலே ஏதோ பச்சை இலை. ஜோவி அந்த இலையை எடுத்து நாய்க்குப் போட்டான், நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் மீதியை ஒரு துணுக்கு விடாமல் தின்றுவிட்டான்.

உன் செய்தியை அர்செனியோவிடம் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டுப் பாரேன் என்றேன். அவன் தக்காளி நசுக்குவதை நிறுத்திவிட்டான்.

“எதுக்கு மனாங்? அங்க பதினோரு கிறிஸ்துமஸ் இருந்தேன். எல்லாம் அடுத்தவங்க வீட்டுச் சமையல்கட்டுலதான். விருந்து ரெடி பண்ணிக் கொடுத்துட்டு நின்னுக்கிட்டே சாப்பிட்டிருக்கேன். ஒருத்தர் வந்து உட்காருன்னு சொன்னதில்ல. இங்க வந்து, என் அடுப்புக்கு முதமுதல்ல நான் கூப்பிட்ட ஆளு உங்க தம்பிதான். அடுப்பே அப்ப கட்டல. மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னுட்டாரு. திரும்பக் கேட்டு, திரும்ப வேண்டாம்னு வாங்கிக்கணுமா?”

உன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவன் பக்கமும் இருக்கிறது. நடுவில் நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நாளைக்கு நீயே வந்து காதால் கேட்டுக் காயப்படுவதைவிட இப்போதே தெரிவது நல்லது. பிங்கி இப்போதெல்லாம் தன் சித்தப்பன் அர்செனியோவையும், மாமன் உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே, “தியோ” என்று மட்டும் கூப்பிடுகிறாள். நேற்று உன்னைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “எந்த தியோ? பக்கோலோத் தியோவா?” என்று கேட்டாள். குழந்தைதானே. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

எஸ்தர்லிதா


பக்கோலோத்
14 டிசம்பர் 1993

மனாங்,

பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று முழுக்கக் கடையைச் சாத்தி வைத்திருந்தது வேறு காரணத்துக்காக. சீப்புகளுக்கு ஓய்வு கொடுத்தேன்.

பக்கோலோத் தியோ! இதுவரைக்கும் அந்த வீட்டில் “தியோ” என்றால் நான் ஒருவன்தான். பெயர் வேண்டியதில்லை, ஊர் வேண்டியதில்லை. ஜலசந்திக்கு அந்தப் பக்கமிருந்து பிங்கி “தியோ” என்று கத்தினால் இந்தப் பக்கம் என் கடைக் கண்ணாடி அதிரும். இப்போது என் பெயருக்கு முன்னால் ஓர் ஊரை ஒட்டிவிட்டார்கள். பக்கோலோத் வெல்லம், பக்கோலோத் கோழி, பக்கோலோத் தியோ. கூடையில் கட்டித் துறைமுகத்தில் விற்கலாம்.

இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீனர் திரு. ஊய் இன்று முகம் மழிக்க வந்தார். அவரிடம் புலம்பினேன். அவர் சோப்பு நுரைக்குள்ளிருந்து சொன்னார்:

“எங்க பாஷையில அம்மாவோட தம்பிக்குத் தனிப் பேரு, அப்பாவோட தம்பிக்குத் தனிப் பேரு. சண்டையே வராது.”

எவ்வளவு நாகரிகமான ஜனங்கள்! நம் பாஷையில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல். அதை முதலில் பிடித்துக்கொள்பவனுக்கு ராஜ்யம், மற்றவனுக்கு ஊர்ப்பெயர். ஒரு சொல்லுக்கு நேர்ந்த பஞ்சத்தால் நான் நாடிழந்து நிற்கிறேன்.

அவன் மாவை மேலே வீசுகிறானாம். நானும் வீசிப் பார்த்தேன். மாவு இல்லை, ஈரத் துண்டு. மூன்றாவது வீச்சில் அது மின்விசிறியில் சிக்கி, விசிறி அதைச் சுழற்றி, எதிரே நின்ற ஜீப்னி வண்டி ஓட்டுநரின் முகத்தில் போய் விரிந்தது. கோபப்படவில்லை அவர். முகச்சவரத்துக்கு முன்னால் போடுகிற வெந்நீர்த் துண்டு இப்போது தெருவுக்கே வந்து சேவை செய்கிறதா என்று கேட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன். அவன் மிலானில் நின்றுகொண்டே சாப்பிட்டான் என்று நீ எழுதிய வரியை நான்கு தடவை படித்தேன். படித்துவிட்டுக் கோபப்பட முயன்றேன். சரியாக வரவில்லை. அதனால் இன்னும் கோபமாக இருக்கிறது.

எனக்கு இங்கே பிள்ளை குட்டி யார் இருக்கிறார்கள்? வருஷம் முழுக்க ஊர்த் தலைகளை வெட்டுகிறேன். 23ஆம் தேதி மத்தியானத்துக்காக மட்டும்தான் இந்த வருஷம் என்ற ஒன்றே எனக்கு இருக்கிறது. அவனுக்கு அடுப்பு இருக்கிறது, செங்கல் இருக்கிறது, சுழலும் மாவு இருக்கிறது. எனக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது.

ஆனால் அழையாத வீட்டுக்கு வரமாட்டேன். ஒரு தடவை அழைத்தது அழைத்ததாகாது.

கிறிசாந்தோ


இலோய்லோ
18 டிசம்பர் 1993

தோதோ,

மூன்று நாளாக விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து தைக்கிறேன். கண் எரிகிறது. ஆனால் இது இன்றைய கப்பலுக்கே போயாக வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, முதலாவது மரியாதை, இரண்டாவது இழுப்பு, மூன்றாவது சம்மதம் என்கிற உன் சட்டத்தை அப்படியே அர்செனியோவுக்குச் சொன்னேன். அவன் பூசணிக்காய் மாதிரி முழித்தான். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டான். மாவுக் கை. நெற்றியெல்லாம் வெள்ளை.

“ஆமா! எங்கம்மாவும் அப்படித்தான் செய்வாங்க! மறந்தே போச்சு மனாங். அங்க ஒருத்தன் வேண்டாம்னா தட்டை எடுத்துட்டுப் போயிரணும். திரும்பக் கேட்டா கோவிச்சுக்குவாங்க. முதல் வருஷம் அந்த வீட்டம்மா காப்பி வேணுமான்னு கேட்டாங்க. நான் மரியாதையா வேண்டாம்னேன். வருஷம் பூரா காப்பி கிடைக்கல.”

சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“எழுதுங்க. அர்செனியோ திரும்பக் கேட்கிறான்னு எழுதுங்க. மனோங் சாந்தோ, வாங்க. இது ரெண்டாவது.”

“மூணாவது?”

“மூணாவதுக்கு நேரமில்ல மனாங். நீங்க எழுதி, அவரு இழுத்து, நான் கேட்டு, அவரு சம்மதிச்சு... அதுக்குள்ள மாவு புளிச்சுப் பொங்கித் தெருவுக்கு வந்துரும். எத்தனை பேருன்னு தெரிஞ்சாத்தான் பிசையலாம்.”

ஆகவே தோதோ, இதுதான் இரண்டாவது. மூன்றாவது வராது. நீ இரண்டாவதுக்கும் வேண்டாம் என்று எழுதினால் அவன் இந்த ஜன்மத்தில் உன்னை எதற்கும் கேட்கமாட்டான், எனக்கு அவனைத் தெரியும். நானும் கேட்கமாட்டேன். நீ வரவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நான். அதற்கு ஒரு காரணம் எழுதி அனுப்பிவிடு, நல்ல காரணமாக.

எஸ்தர்லிதா


பக்கோலோத்
20 டிசம்பர் 1993

மனாங்,

முதலில் “ஐயோ வேண்டாம்” என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம். காகிதத்தைக் கிழித்தேன். மறு காகிதத்தில் “வேலை இருக்கிறது, இருந்தாலும்” என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். இஸ்கோ கடை வாசலில் நின்றுகொண்டு கப்பல் புறப்படப் போகிறது என்று கத்துகிறார்.

வருகிறேன்.

நோவாவின் பேழையில் ஏறும்போதே நம் வம்சத்து மூதாதையர் மூன்று தடவை கேட்கவைத்துத்தான் ஏறினார் என்று கேள்வி. அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் இரண்டாவது அழைப்புக்கே சம்மதித்த முதல் மானங்கெட்டவன் நான் என்று என் கல்லறையில் பொறித்துவிடு.

கெச்சப் நானே கொண்டுவருவேன். அவனுக்குப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

கிறிசாந்தோ


இலோய்லோ
27 டிசம்பர் 1993

தோதோ,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் தொப்பி இங்கே இருக்கிறது. மாவு காய்ந்து அது இப்போது மண்சட்டி மாதிரி நிற்கிறது, கோழி அதில் முட்டையிடப் பார்க்கிறது.

அன்றைக்கு நீயும் அவனும் பண்ணின கூத்தைத் தெரு இன்னும் பேசுகிறது. அவன் ஒரு மாவுக்குடை வீசினான் என்றதும் நீயும் வீச வேண்டுமா? நீ வீசினது நட்சத்திர விளக்கில் சிக்கி இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. எடுக்கவேண்டாம், மேகம் மாதிரி இருக்கிறது என்கிறாள் பிங்கி. நீ பீட்சாமேல் கெச்சப்பைக் கவிழ்த்தபோது அர்செனியோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றதையும், நீ “ஒரே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருப்பா” என்று அவன் பின்னாலேயே கொல்லையைச் சுற்றினதையும் பார்த்தேன். சாப்பிட்டானே! ஹாட்டாக்கும் கெச்சப்பும் போட்ட அந்த இனிப்பு பீட்சாவில் இரண்டாவது துண்டு எடுத்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் எடுத்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

பிள்ளைகள் “தியோ!” என்று கூப்பிடும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓடி, இரண்டு தடவை தலை முட்டிக்கொண்டீர்கள். இப்போது ஒருவர் குட்டை தியோ, ஒருவர் நெட்டை தியோ. குட்டை யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி. நான் எழுத வந்தது வேறு. நேற்றுத் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது நீ அர்செனியோவைப் பார்த்து, “ஜனவரி ரெண்டாந்தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள், ஞாயித்துக்கிழமை. பெர்னாபே அடுப்பைத் தர்றான். என் பட்டணத்துப் பிள்ளைங்களுக்கும் ஒரு பீட்சா விருந்து வைக்கணும். நீ வரணும்ப்பா,” என்றாய்.

அவன், “ஐயோ, எனக்கெதுக்கு மனோங்? உங்களுக்குச் சிரமம்,” என்றான்.

நீ, “அப்படியா? சரி,” என்று சொல்லிவிட்டுக் கப்பலில் ஏறிப் போயேவிட்டாய்!

அவன் அங்கேயே நின்றான். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை நின்றான். இன்று காலையிலிருந்து மாவு வீசும் மேசையைத் துடைத்துத் துடைத்துத் தேய்க்கிறான். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினான், எதற்கு என்று கேட்டால் “சும்மா” என்கிறான். கடைசியில் மத்தியானம் சோறு போடும்போது கேட்டுவிட்டான்:

“மனாங், உங்க தம்பி ரெண்டாவது தடவை கேட்பாருல்ல?”

கேட்பாய்தானே?

எஸ்தர்லிதா


பக்கோலோத்
29 டிசம்பர் 1993

மனாங்,

கேள், சிரிக்காதே.

அவன் “வேண்டாம்” என்றது எனக்கு நிஜ வேண்டாமாகவே பட்டது. மிலானில் பழகினவன், வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நீதானே எனக்கு எழுதினாய்? திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன். அதனால் நானும் மிலான்காரன்போல மிடுக்காக “சரி” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். கப்பலில் இஸ்கோ கோழிக்குழம்பு ஊற்றினார். தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். கோழிக்குழம்பை நான் திருப்பிக் கொடுத்தேன் என்றால் கடல் வற்றிவிட்டது என்று அர்த்தம். என் அடுப்புக்கு, அது பெர்னாபேயின் அடுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், முதலில் கூப்பிட்ட ஆள் அவன். மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்றுவிட்டான். நவம்பர் முழுக்க அந்தப் பயல் இந்த வலியோடுதான் செங்கல் அடுக்கினானா?

உன் கடிதம் வந்ததும் கடையில் எழுந்து நின்று கூவினேன். நாற்காலியில் இருந்தவருக்குப் பாதி மீசைதான் மழித்திருந்தது. மீதியை அவர் வீட்டில் பார்த்துக்கொள்வார்.

ஆக அவனுக்கு நம் ஊர்ப் பழக்கம் திரும்பிவிட்டது! எங்கே தொடங்க வேண்டுமோ அங்கேயே சரியாகத் தொடங்கியிருக்கிறான். “எனக்கெதுக்கு, உங்களுக்குச் சிரமம்.” சொற்கள்கூட என்னுடையவை. சுழலும் மாவைத்தான் என்னால் அவனிடமிருந்து பிடுங்க முடியவில்லை, அவன் பாட்டுக்கு என் வேண்டாமைத் திருடிக்கொண்டான். அதிலும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவன் சொன்னபோது தலையைக் கொஞ்சம் சாய்த்தான் பார், நான் இத்தனை வருஷமாகச் சொல்லியும் எனக்கு அந்தச் சாய்வு வரவில்லை.

இரண்டாவது அழைப்பைக் கடிதத்தில் அனுப்பமாட்டேன். கடிதத்தில் இழுப்பு தெரியாது, தரையைப் பார்த்துச் சிரிப்பது தெரியாது. நாளைக் காலைக் கப்பலில் நானே வருகிறேன். வாசலில் நின்று இரண்டாவது கேட்பேன். மூன்றாவதுக்குக் கையைப் பிடித்து இழுப்பேன்.

நான் வருவதை அவனிடம் சொல்லிவிடாதே. அப்புறம் பயல் அவசரப்பட்டு இரண்டாவதுக்கே சரி என்றுவிடுவான்.

தம்பி
கிறிசாந்தோ